வாய் ஓயாத பிள்ளை வகுப்பில் ஏன் வாய் திறப்பதில்லை?

"வீட்டில் வாய் ஓயாமல் பேசுகிறான் டீச்சர். வகுப்பில் எழுப்பிக் கேள்வி கேட்டால் மட்டும் வாயில் கொழுக்கட்டை வைத்தவன்போல நிற்கிறானாம்." வடசென்னையில் காசிமேடு, தண்டையார்பேட்டை, வியாசர்பாடிப் பக்கம் மாலை வகுப்பு நடத்துகிற யாரைக் கேட்டாலும் இந்தப் புகாரை அறிந்திருப்பார்கள். புகாருடன் ஒரு தீர்ப்பும் சேர்ந்தே வரும்: பையனுக்குத் திமிர், இல்லையென்றால் சோம்பல், அதுவும் இல்லையென்றால் கூச்சம். இந்த மூன்றிலும் அடங்காத நான்காவது காரணம் ஒன்று உண்டு. அதைப் பற்றித்தான் இங்கே பேசப் போகிறோம்.

வாய்மொழித் திறன் என்பது அதன் பெயர். பிறர் சொல்வதைக் கேட்டுப் புரிந்துகொள்வதும், மனதில் இருப்பதை எதிரில் இருப்பவருக்குப் புரியும்படி சொல்வதும் சேர்ந்த திறன் அது. நிறையப் பேசுவது வேறு, இது வேறு. ழகரம் சுத்தமாக வருகிறதா என்பதெல்லாம் இதன் ஒரு மூலையில் கிடக்கும் சிறிய விஷயம். பேச்சுப் போட்டியையும் இதோடு போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது. மீசை வரைந்து, முண்டாசு கட்டி, சித்தப்பா எழுதிக் கொடுத்த மூன்று பக்கத்தை மூச்சுவிடாமல் ஒப்பித்துக் கோப்பை வாங்கி வரும் பிள்ளையிடம், "மேடையில் என்ன பேசினாய், உன் சொந்த வார்த்தையில் சொல்" என்று கேட்டுப் பாருங்கள். பாதிப் பேர் மறுபடி "அவையோர் அனைவருக்கும் வணக்கம்" என்று முதல் வரியிலிருந்து ஆரம்பிப்பார்கள்.

கேரம் பலகையைச் சுற்றி நான்கு பையன்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். சண்டை மூள்கிறது. "அவன் இதை இப்படித் தள்ளினான், அது அங்கே போய் இதில் பட்டது, அதனால் இது செல்லாது." பலகை கண்ணெதிரே இருக்கிறது, விரல் நீட்டிக் காட்டினால் போதும். யாருக்கும் குழப்பமில்லை. அதே பையன் வீட்டுக்கு ஓடிப்போய் அடுப்படியில் நிற்கும் அம்மாவிடம் முறையிடுகிறான்: "அவன் இதைத் தள்ளினான், அது அங்கே போய்விட்டது, அப்புறம் அவன் அடித்துவிட்டான்." எவன் தள்ளினான், எது போனது, யார் யாரை அடித்தது? அம்மாவுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. "போய்க் கை கால் கழுவு" என்று முடித்துவிடுகிறார்.

அம்மாவுக்குப் புரிய வேண்டுமென்றால் அவன் எத்தனை வேலை செய்தாக வேண்டும்! ஆட்களைப் பெயர் சொல்லிப் பிரிக்க வேண்டும். ரெட் என்கிற சிவப்புக் காயைக் குழியில் போட்டவன் கையோடு ஃபாலோவும், அதாவது தன் காய் ஒன்றையும், போட்டால்தான் ரெட் செல்லும் என்ற விதி அம்மாவுக்குத் தெரியுமா என்று யோசிக்க வேண்டும். தெரியாது என்றால் அதை முதலில் சொல்லிவிட வேண்டும். எது முந்தி, எது பிந்தி, எதனால் எது நடந்தது என்று கோக்க வேண்டும். அங்கே இல்லாத ஒருவருக்கு, கையில் சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு, நடந்ததை நடந்தபடி காட்ட வேண்டும்.

பள்ளிக்கூடத்துப் பேச்சு முழுவதும் இந்த இரண்டாவது வகைதான். சோழர் காலத்து ஏரியையோ நீர்ச் சுழற்சியையோ விரல் நீட்டிக் காட்ட முடியாது. எதிரில் இருப்பதைப் பேசுவதில் கெட்டிக்காரனாக இருக்கும் பையனுக்கு, எதிரில் இல்லாததைப் பேசும் பழக்கம் குறைவாக இருக்கலாம். வகுப்பில் அவன் வாய் அடைத்துப்போவதற்கு இது பெரிய காரணம். பழக்கக் குறைவு என்பதால், பழக்கினால் வரும் என்பதும் இதற்குள்ளேயே இருக்கிறது.

இந்தத் திறனுக்குள் பல இழைகள் உண்டு. ஒலிகளைப் பிரித்துக் கேட்பது, சொல்வளம், வாக்கிய அமைப்பு, கதையாகச் சொல்வது, யாரிடம் எப்படிப் பேசுவது என்ற பக்குவம் என்று அடுக்கலாம். எல்லாவற்றையும் இங்கே விரிக்கத் தேவையில்லை. தமிழ்ப் பிள்ளைகளிடம் நாம் கவனிக்கத் தவறும் ஒன்றை மட்டும் கிட்டே போய்ப் பார்ப்போம்: வாக்கியத்துக்குள் யார், எது, யாரை என்று கணக்கு வைத்துக்கொள்வது. "நாய் பூனையைத் துரத்தியது", "நாயைப் பூனை துரத்தியது" இரண்டிலும் சொற்கள் அவையேதான், வரிசையும் அதேதான். ஓர் ஐகாரம் இடம் மாறியதும் துரத்தும் விலங்கு மாறிவிடுகிறது. ஊர் வழக்கத்தை வைத்து ஊகிக்கும் பிள்ளை, இரண்டிலும் நாய்தான் துரத்தியது என்று சொல்லிவிடும்.

இன்னும் கொஞ்சம் நீட்டுவோம். "நேற்று அண்ணன் வாங்கி வந்த பட்டத்தைக் கிழித்த பையன் அழுதான்." அழுதது யார்? அண்ணன் என்று சொல்லும் பிள்ளைகள் உண்டு. தமிழில் விவரமெல்லாம் முன்னால் வந்துவிடும். யாரைப் பற்றிய விவரம் என்பது பின்னால்தான் தெரியும். அதுவரை எல்லாவற்றையும் மனதில் தாங்கிக்கொண்டு காத்திருக்க வேண்டும். பாடப்புத்தகத்தில் வகுப்பு ஏற ஏற இப்படிப்பட்ட வாக்கியங்கள் கூடிக்கொண்டே போகும்.

கணக்குப் பாடமும் தப்புவதில்லை. "ராணியிடம் 8 மணிகள் இருக்கின்றன. அது கமலாவிடம் இருப்பதைவிட 3 குறைவு. கமலாவிடம் எத்தனை மணிகள்?" குறைவு என்ற சொல் கண்ணில் பட்டதும் கழித்து, 5 என்று எழுதுகிற பிள்ளைகள் ஏராளம். விடை 11. எட்டையும் மூன்றையும் கூட்டத் தெரியாததால் வந்த தவறு அல்ல இது. யாரைவிட யாருக்குக் குறைவு என்பது பிடிபடாததால் வந்தது. நாமோ பிள்ளை கணக்கில் வீக் என்று முடிவுகட்டி, வாய்ப்பாட்டை மறுபடி ஒப்பிக்க வைக்கிறோம்.

வாசிப்புக்கு வருவோம். பெற்றோருக்கு அக்கறை அதிகம் இருப்பது அதில்தான். 1986ஆம் ஆண்டு ஃபிலிப் கஃப், வில்லியம் டன்மர் என்ற இரு ஆய்வாளர்கள் வாசிப்பைப் பற்றி ஒரு சின்னச் சூத்திரம் சொன்னார்கள். எழுத்தைச் சொல்லாக்கும் திறன் ஒன்று, கேட்டுப் புரிந்துகொள்ளும் திறன் மற்றொன்று. இரண்டையும் பெருக்கினால் கிடைப்பதுதான் வாசித்துப் புரிந்துகொள்ளும் திறன். கூட்டல் என்று சொல்லாமல் பெருக்கல் என்று சொன்னதில்தான் விஷயம் இருக்கிறது. ஒரு பக்கம் பூஜ்யமென்றால் மறுபக்கம் எவ்வளவு இருந்தாலும் விடை பூஜ்யம்.

தமிழில் 247 எழுத்துகள். அவை கைவர நாளாகும். ஆனால் ஒருமுறை கைவந்துவிட்டால், பார்த்ததை வாசித்துவிடலாம். ஆங்கிலத்தைப் போல எழுதுவது ஒன்று, சொல்வது ஒன்று என்ற தொல்லை மிகக் குறைவு. இந்த வசதியே நம்மை ஏமாற்றுகிறது. மூன்றாம் வகுப்புப் பிள்ளை பத்தி முழுவதையும் கடகடவென்று வாசித்துவிட்டால், "நன்றாகப் படிக்கிறாள்" என்று பெருமையோடு எழுந்து போய்விடுகிறோம். என்ன வாசித்தாள் என்று கேட்பதில்லை.

வீட்டிலேயே செய்து பார்க்க ஒரு வழி இருக்கிறது. வாசித்துப் புரியாத பத்தியை நீங்களே நிறுத்தி நிதானமாக வாசித்துக் காட்டுங்கள். இப்போது கேட்டால் பிள்ளை சரியாகப் பதில் சொல்கிறதா? அப்படியானால் தடங்கல் எழுத்தில்; எழுத்துப் பயிற்சி கொடுத்தால் போதும். நீங்கள் வாசித்துக் காட்டியும் புரியவில்லையென்றால், இம்போசிஷன் எத்தனை முறை எழுதினாலும் பயனில்லை. தடங்கல் மொழியில். அரசுப் பள்ளிகளில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்புவரை என்று 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பாட்டும் கதையும் செயல்பாடும் இருக்கின்றன. பிள்ளையைச் சோதிக்க வருகிறவர்களும் வாசிக்கச் சொல்வதோடு நிறுத்தாமல், வாசித்ததைச் சொல்லவும் சொன்னால் நன்றாக இருக்கும் என்பது என் ஆசை.

இங்கே தமிழுக்கே உரிய ஒரு சிக்கல் குறுக்கிடுகிறது. வீட்டில் பேசும் தமிழ் வேறு, புத்தகத்துத் தமிழ் வேறு. ஒரே சமூகம் அன்றாடப் பேச்சுக்கு ஒரு வடிவத்தையும் எழுத்துக்கும் மேடைக்கும் இன்னொரு வடிவத்தையும் வைத்துக்கொள்வதை மொழியியலில் இரட்டை வழக்கு என்பார்கள். சார்லஸ் ஃபெர்குசன் 1959இல் இதைப் பற்றி விரிவாக எழுதினார். தமிழும் அப்படிப்பட்ட மொழிதான். வீட்டில் 'இருக்கு' என்று கேட்டு வளரும் பிள்ளை பள்ளியில் 'இருக்கிறது' என்று வாசிக்க வேண்டும். இது திருநெல்வேலிப் பிள்ளைக்கும் உண்டு, மயிலாப்பூர்ப் பிள்ளைக்கும் உண்டு. வடசென்னைப் பிள்ளைக்கு மட்டும் கூடுதலாக ஒரு சுமை: அதன் வீட்டுப் பேச்சைக் காலங்காலமாகக் கேலிக்கு வைத்திருக்கிறோம். கதையின் நடுவே "முதலில் ஒழுங்காகப் பேசு" என்று அதட்டிவிட்டால் பிள்ளை ஒழுங்காகப் பேசப் போவதில்லை, பேச்சையே நிறுத்திவிடும். பேச்சு வழக்கு ஒரு குறையல்ல. அதற்குத் தனி இலக்கணம் இருக்கிறது. அதிலும் காரணம் சொல்லலாம், வாதாடலாம், கதை கட்டலாம். சொல்ல வேண்டியதை அந்த வழக்கில் முதலில் முழுசாகச் சொல்லட்டும். புத்தகத் தமிழைக் காதில் போடும் வேலையை நாம் கதை வாசித்துக் காட்டிச் செய்யலாம்.

தெலுங்கோ உருதுவோ பேசும் வீடுகள் ராயபுரம், புளியந்தோப்புப் பக்கம் நிறைய இருக்கின்றன. "வீட்டிலும் தமிழிலேயே பேசுங்கள்", "ஆங்கிலத்திலேயே பேசுங்கள்" என்று யாராவது சொன்னால் அவசரப்பட வேண்டாம். இரண்டு மொழி கேட்டு வளர்வதால் மொழிக் குறைபாடு வருவதில்லை. தாய்க்குச் சரளமாக வராத மொழியில் அரைகுறையாகப் பேசுவதைவிட, சரளமாக வரும் மொழியில் நிறையப் பேசுவதுதான் பிள்ளைக்கு நல்லது.

எப்படிப் பழக்குவது? தனியாக நேரம் ஒதுக்க முடியாத வீடுகள்தான் இங்கே அதிகம் என்பதால், இருக்கும் வேலையோடு சேர்த்துச் செய்யக்கூடியதை மட்டும் சொல்கிறேன். எங்கள் மாலை வகுப்பில் நான்காம் வகுப்புச் சிறுமி ஒருத்தி. அறிவியல் பாடத்தில் ஒரு கேள்விக்கும் வாய் திறக்க மாட்டாள். அவளுடைய ஆயா, அதாவது பாட்டி, மீன் விற்கிறார். நல்ல மீனை எப்படிப் பார்த்து வாங்குவது என்று ஒருநாள் பேச்சு வந்தபோது அவள் சொன்னாள்: "செவுளைத் தூக்கிப் பார்க்க வேண்டும். சிவப்பாக இருந்தால் வாங்கலாம். வெளுத்துப் போயிருந்தால் பழசு. விரலால் அழுத்தினால் பள்ளம் விழுந்து அப்படியே நிற்கக் கூடாது." இருந்தால், போயிருந்தால், அழுத்தினால் என்று நிபந்தனை வாக்கியமாக வந்து விழுந்தன. "செவுள் எங்கே இருக்கும்?" என்று பெரம்பூர்ப் பையன் ஒருவன் கேட்டான். அவள் திகைத்துப் போனாள்; செவுள் தெரியாத ஆள் உலகத்தில் இருப்பான் என்று அவள் நினைத்ததே இல்லை. பிறகு கரும்பலகையில் ஒரு மீனை வரைந்து விளக்கினாள். "ஏன் சிவப்பாக இருக்க வேண்டும்?" என்ற அடுத்த கேள்விக்கு மட்டும் அவளிடம் பதில் இல்லை. அன்றுதான் அறிவியல் புத்தகத்தில் மீன் சுவாசிக்கும் பக்கத்தைத் திறந்தோம்.

ஆக, பிள்ளைக்குத் தெரிந்து நமக்குத் தெரியாத விஷயத்தைக் கேட்பதுதான் நல்ல தொடக்கம். "இது என்ன நிறம்?", "இது என்ன பழம்?" போன்ற கேள்விகளுக்கு விடை நமக்கே தெரியும் என்பது பிள்ளைக்கும் தெரியும், ஒரே சொல்லில் முடித்துவிடும். "இன்றைக்குப் பள்ளியில் என்ன நடந்தது?" என்ற கேள்விக்கு "ஒன்றுமில்லை" என்ற பதில் உலகமெங்கும் தயாராக இருக்கிறது. அதற்குப் பதில், "கேரமில் இன்று உங்கள் அணி எப்படித் தோற்றது?" என்று கேளுங்கள்.

கேட்டுவிட்டுக் காத்திருப்பது இன்னும் முக்கியம். அமெரிக்காவில் மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் 1970களில் வகுப்பறைகளைப் பதிவுசெய்து பார்த்தார். கேள்வி கேட்ட ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிகூடக் காத்திருப்பதில்லை. அதற்குள் வேறு ஆளைக் கேட்டார்கள் அல்லது தாங்களே பதிலைச் சொல்லிவிட்டார்கள். மூன்று விநாடிக்கு மேல் காத்திருக்கப் பழகியபோது பிள்ளைகளின் பதில்கள் நீண்டன. வழக்கமாக வாய் திறக்காதவர்களும் பேச ஆரம்பித்தார்கள். மூன்று விநாடி என்பது கேட்க அற்பமாகத் தோன்றும். நாற்பது பிள்ளைகள் முன்னால் மௌனமாக நின்று பாருங்கள், அது எவ்வளவு நீளம் என்று தெரியும்.

பிள்ளை சொன்னதைத் திருத்தாமல் நீட்டிக் கொடுப்பது அடுத்தது. "வலை கிழிந்தது. அப்பா தைத்தார்" என்று பிள்ளை சொல்கிறது. "அப்படியா? பாறையில் மாட்டிக் கிழிந்த வலையையா அப்பா தைத்தார்?" என்று நீங்கள் கேட்கிறீர்கள். இதில் பாடமும் இல்லை, கண்டிப்பும் இல்லை. பிள்ளையின் இரண்டு துண்டு வாக்கியங்கள் ஒன்றாகக் கோத்துத் திரும்பி வருகின்றன, அவ்வளவுதான். ஒரே நாளில் பலன் தெரியாது. மாதக்கணக்கில் காதில் விழ வேண்டும்.

இதற்கு மீனவர் வீடுகளில் ஒரு பருவம் வாய்க்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும். பள்ளி விடுமுறையும் அதற்குள்ளேயே வரும். வருமானம் இல்லாத நாள்கள் என்பதால் அதைப் பொற்காலம் என்றெல்லாம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் ஆண்டு முழுவதும் விடியற்காலையில் கடலில் இருக்கும் அப்பா, அந்த நாள்களில் படகைப் பழுதுபார்த்துக்கொண்டும் வலையைச் சீர்செய்துகொண்டும் பிள்ளையின் கண்ணெதிரே இருக்கிறார். பக்கத்தில் உட்கார வைத்து, எந்த மீனுக்கு எந்த வலை, ஏன் அப்படி என்று சொல்லலாம். பிறகு, "நான் சொன்னதை ஆயாவுக்குச் சொல்" என்று அனுப்ப வேண்டும். அங்கே இல்லாதவரிடம் போய்ச் சொல்வதில்தான் உண்மையான பயிற்சி இருக்கிறது.

வகுப்பறைக்கு ஒரு விளையாட்டு. செலவு கிடையாது. இரண்டு பிள்ளைகள் முதுகுக்கு முதுகு உட்கார வேண்டும். ஒருவர் கையில் போட்டு முடித்த புள்ளிக் கோலம், மற்றவர் கையில் வெறுந்தாள். பார்ப்பவர் சொல்லச் சொல்ல மற்றவர் போட வேண்டும். "நடுவில் 5 புள்ளி, ஊடுபுள்ளி, 3 வரை" என்பதுவரை சரியாகப் போகும். கோடு இழுக்கும்போதுதான் வேடிக்கை. "இங்கேயிருந்து அங்கே இழு" என்பார் ஒருவர், "எங்கேயிருந்து எங்கே?" என்று கத்துவார் மற்றவர். நாலைந்து முறை தாள் வீணான பிறகு, "மேல் வரிசையில் இடது ஓரப் புள்ளியைச் சுற்றி, அதற்குக் கீழே வலப்பக்கம் இருக்கும் புள்ளிக்கு வா" என்ற மாதிரிச் சொற்கள் தாமாகவே வந்துவிடும். ஆசிரியர் ஒன்றும் கற்பிக்க வேண்டியதில்லை. புரியவில்லை என்று சொல்ல முதுகுக்குப் பின்னால் ஓர் ஆள் இருந்தால் போதும். பையன்களுக்குக் கோலம் வேண்டாமென்றால் பட்டத்தின் படமோ படகின் படமோ கொடுக்கலாம். ஆனால் எங்கள் பையன்கள் கோலத்தைத்தான் விரும்பிக் கேட்கிறார்கள்.

இவ்வளவும் செய்து, மாதங்கள் கடந்தும் நகராத பிள்ளைகள் உண்டு. "பையை வைத்துவிட்டு, நோட்டை எடுத்துக்கொண்டு, ஜன்னல் ஓரம் போய் உட்கார்" என்றால் முதல் வேலையோடு நின்றுவிடும் பிள்ளை. தெரிந்த பொருளுக்கும் பெயர் வராமல் 'அது அது' என்று தவிக்கும் பிள்ளை. எட்டு வயதிலும் இரண்டு மூன்று சொல் வாக்கியத்தைத் தாண்டாத பிள்ளை. வீட்டு மொழியிலும் கதையைத் தலைகால் புரியாமல் சொல்லும் பிள்ளை. கடைசி அடையாளம் முக்கியமானது. வீட்டு மொழியில் நன்றாகப் பேசி, புத்தகத் தமிழில் மட்டும் தடுமாறினால் அது பழக்கம் சார்ந்தது. இரண்டிலும் தடுமாறினால் நிபுணரிடம் காட்ட வேண்டும்.

முதலில் காதைச் சோதிக்க வேண்டும். அடிக்கடி சளி பிடித்துக் காதுக்குள் நீர் கோத்திருக்கும் பிள்ளைக்குப் பாதிச் சொற்கள் மங்கலாகவே விழும். கடைசி பெஞ்சில் உட்கார வைத்தால் அதுவும் விழாது. காதில் குறையில்லை, மற்ற வளர்ச்சியிலும் வெளிப்படையான காரணம் ஒன்றும் தெரியவில்லை, ஆனாலும் மொழி மட்டும் நீண்டகாலமாகத் தடுமாறுகிறது என்றால், வளர்ச்சிசார் மொழிக் குறைபாடாக இருக்கலாம். இந்தப் பெயரில் வல்லுநர்கள் 2017இல்தான் உடன்பாட்டுக்கு வந்தார்கள். பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் நடந்த ஆய்வுகளின்படி நூறு பிள்ளைகளில் ஏறக்குறைய ஏழு பேருக்கு இது இருக்கிறது. முப்பது பேர் வகுப்பில் இரண்டு பேர் என்று வைத்துக்கொள்ளலாம். பெற்றோர் பேசாததால் வருவதல்ல, செல்போன் கொடுத்ததால் வருவதுமல்ல. வெளியே தெரியாத குறை என்பதால் இந்தப் பிள்ளைகள்தான் அதிகமாக அடி வாங்குகிறார்கள்.

வடசென்னைக்காரர்களுக்கு ஸ்டான்லி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவு பக்கத்திலேயே இருக்கிறது. அரசுப் பள்ளிகளுக்குப் பள்ளிச் சிறார் நலத்திட்டத்தின் மருத்துவக் குழு வரும்போதும் ஆசிரியர் இந்தப் பிள்ளைகளைக் குறித்துக் கொடுக்கலாம். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் பேச்சு, மொழிக் குறைபாடும் ஒன்று. ஆகவே சலுகையும் உதவியும் கேட்பது தயவு கேட்பது ஆகாது. நேற்றுவரை பேசிய பிள்ளை பேச்சை இழக்கத் தொடங்கினால் மட்டும் முகாம் வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

போகும்போது, பிள்ளை வீட்டில் இயல்பாகப் பேசுவதைச் செல்போனில் இரண்டு மூன்று நிமிடம் பதிவுசெய்து எடுத்துக்கொண்டு போங்கள். புது இடத்தில், வெள்ளைக் கோட்டின் முன்னால், எந்தப் பிள்ளையும் சரியாகப் பேசாது. வீட்டு மொழி தமிழல்ல என்றால் அந்த மொழியிலேயே பதிவு இருக்கட்டும். எந்த மொழி, யார் பேசுவது, எத்தனை வயதிலிருந்து கேட்கிறது என்பதைப் பரிசோதனை தொடங்கும் முன்பே பேச்சுப் பயிற்சியாளரிடம் சொல்லிவிடுங்கள். பிள்ளைக்குத் தெரியாத மொழியில் சோதித்துவிட்டுக் குறைபாடு என்று எழுதிவிடும் அபாயம் இருக்கிறது.